குழலின் அடிக்குரல்

மேற்கத்திய இசையில் புல்லாங்குழல் என்றதும் பெரும்பாலானவர்கள் மனதில் வருவது உச்சத்தில் மினுங்கும் ஒலிதான். எழுபது எண்பது பேர் சேர்ந்து வாசிக்கும் சிம்பொனியில் வயலின்களுக்கும் மேலே ஏறினால்தான் குழல் காதில் விழும். அதனால் இசையமைப்பாளர்கள் அதை அங்கேயே ஏற்றி வைத்தார்கள். பறவை வேண்டுமா, விடியல் வேண்டுமா, கூப்பிடு குழலை. அந்த ஒலியும் எனக்குப் பிடித்ததுதான். ஆனால் குழலின் உயிர் அதன் அடிக்குரலில் இருக்கிறது, அதைக் கேட்கச் சின்ன அரங்குதான் வேண்டும் என்று பல வருடங்களாக நினைத்து வருகிறேன். லண்டன் விக்மோர் ஹாலில் கேட்ட ஒரு கச்சேரி இந்த எண்ணத்தைக் கெட்டிப்படுத்திவிட்டது.

மேடைக்கு வந்தவர்கள் மொத்தம் ஆறு பேர். குழல், வயலின், அதைவிடச் சற்றுப் பெரிய வயோலா, செல்லோ, ஹார்ப், பியானோ. ஆறு பேரும் ஒருமுறைகூடச் சேர்ந்து வாசிக்கவில்லை. முதலில் குழல் மட்டும், பாக் எழுதியது. அடுத்து மொசார்ட்டின் டி மேஜர் குவார்ட்டெட், குழலும் மூன்று தந்தி வாத்தியங்களும். இடைவேளைக்குப் பிறகு பியானோவோடு, பிரெஞ்சு இசையமைப்பாளர் ரூசெல் எழுதியது. கடைசியில் குழல், வயோலா, ஹார்ப் மூன்றுக்கும் டெபுஸி எழுதிய சொனாட்டா. இப்படி ஒவ்வொரு உருப்படிக்கும் ஆட்களும் நாற்காலிகளும் மாறும்போது, அதே குழல் ஒவ்வொரு துணையோடும் எப்படி வேறாக ஒலிக்கிறது என்பது தானாகவே தெரிந்துவிடுகிறது. நிகழ்ச்சியை அமைத்தவரின் நல்ல யோசனை.

அரங்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெர்லினைச் சேர்ந்த பெக்ஸ்டைன் பியானோ நிறுவனம் தன் கடைக்குப் பக்கத்தில் கட்டிய கூடம் இது. 1901 மே 31 அன்று பெக்ஸ்டைன் ஹால் என்ற பெயரில் திறந்தபோது பியானோ மேதை புஸோனியும் வயலின் மேதை இசாயியும் வாசித்தார்கள். முதல் உலகப் போர் வந்தது. ஜெர்மன் சொத்து என்று பறிமுதல் செய்து 1916-இல் ஏலத்தில் விட்டார்கள். டெபன்ஹாம்ஸ் கடைக்காரர்கள் 56,500 பவுனுக்கு எடுத்தார்கள். அடுத்த வருடம் தெருவின் பெயரையே சூட்டி, விக்மோர் ஹால் என்று மறுபடி திறந்தார்கள். ஏறக்குறைய 550 இருக்கைகள். செவ்வக வடிவம், வளைந்த கூரை, மேடைக்கு மேலே பொன்னும் நீலமுமாக ஓர் அரைக் குவிமாட ஓவியம். பியானோவின் மெல்லிய ஒலியும் வாங்குபவர் காதில் தெளிவாக விழ வேண்டும் என்பதுதான் கட்டியவர்களுக்குத் தேவைப்பட்டிருக்கும். அந்தத் தேவையின் பலனை நூற்றிருபது வருடங்களுக்கு மேலாக எல்லா வாத்தியங்களும் அனுபவித்து வருகின்றன.

குழலின் கீழ்ச்சுரங்கள் ஏன் இப்படி மெலிந்திருக்கின்றன? நம் ஊர் மூங்கில் குழலை ஒருமுறையாவது ஊதிப் பார்த்தவர்களுக்கு விடை தெரியும். கீழே ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு காற்றைக் கூட்டினால், அது ஓரளவுதான் பெருக்கும். அதற்கு மேல் அழுத்தினால் அடுத்த ஸ்தாயிக்குத் தாவிவிடும். வயலின்காரர் ஜி தந்தியில் வில்லை அழுத்தி இழுத்து அரங்கையே அதிரவைக்கலாம். குழல்காரருக்கு அந்த வசதி இல்லை. கீழே இருக்க வேண்டுமானால் அடங்கித்தான் ஊத வேண்டும். உதட்டின் கோணத்தை மாற்றிக் குரலுக்கு அடர்த்தி சேர்க்கலாம், ஓரத்தைக் கூராக்கலாம், அவ்வளவுதான். மேலே போகப் போகச் சத்தம் எளிதாகப் பெருகும். பெரிய அரங்குகளும் பெரிய இசைக்குழுக்களும் குழலை மேலே துரத்தியதற்குக் காரணம் இந்தச் சாதாரண இயற்பியல்தான்.

இப்போது பாக். கையெழுத்துப் படியின் தலைப்பில் குறுக்குக் குழலுக்கான தனி உருப்படி என்று பிரெஞ்சு மொழியில் எழுதியிருக்கிறது. இன்று ஏ மைனர் பார்ட்டிட்டா என்கிறோம். பாக்கின் கையெழுத்தில் இது கிடைக்கவில்லை, பிறர் எழுதிய ஒரே ஒரு படிதான் மிஞ்சியிருக்கிறது. நான்கு பகுதிகள். முதல் பகுதி அல்மாண்ட் என்ற பழைய நடன வகை. அதில் ஏறக்குறைய நிறுத்தமே கிடையாது, பதினாறாம் பங்குச் சுரங்கள் வரிசையாக வந்துகொண்டே இருக்கின்றன. மூச்சு எங்கே வாங்குவது என்று பாக் எழுதவில்லை. மூச்சுக்கென்று இடமும் விடவில்லை. வாசிப்பவர் தானே இடம் தேடிக்கொள்ள வேண்டும். எந்த இரண்டு சுரங்களின் நடுவே மூச்சு வாங்குகிறார் என்பதிலேயே அவர் அந்த வாக்கியத்தை எப்படிப் புரிந்துகொண்டார் என்பது வெளிப்பட்டுவிடுகிறது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு ஒவ்வொரு மூச்சும் கேட்டது. இசைத்தட்டுகளில் இதைப் பெரும்பாலும் தேய்த்துச் சுத்தம் செய்துவிடுகிறார்கள். எனக்கு மூச்சு வேண்டும். அது இல்லாவிட்டால் இந்த அல்மாண்ட் யந்திரம் வாசித்ததுபோல் ஆகிவிடும்.

துணைக்கு யாரும் இல்லை, தாங்கிப் பிடிக்க ஒரு செல்லோவோ ஹார்ப்சிகார்டோ இல்லை. பாக் என்ன செய்கிறார் என்றால் குழலையே இரண்டாகப் பிரித்துவிடுகிறார். மேலே ஒரு பேச்சு நடக்கும். நடுநடுவே கீழே ஒரு சுரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்புவார். அந்தக் கீழ்ச்சுரங்களை மட்டும் மனதில் கோத்துக்கொண்டே போனால் அது ஒரு தனி ஓட்டம், கதவிடுக்கில் தெரியும் அடுத்த அறை விளக்கு மாதிரி அது தொடர்ந்து அங்கே இருக்கிறது. அன்று வாசித்தவர் கீழ்ச்சுரங்களை ஒரு நூலளவு நீட்டினார். நீட்டாமல் விட்டிருந்தால் காது அவற்றைப் பிடித்திருக்காது. அல்மாண்ட் முடியும் இடத்தில் பாக் திடீரென்று உச்ச ஏ சுரத்துக்கு ஏற்றுகிறார். பலர் அதை ஒரு வெற்றி முழக்கமாக ஊதுவார்கள். இவர் மெதுவாகத் தொட்டு விட்டார். அவ்வளவு நேரம் கீழே போட்ட அஸ்திவாரம் உறுதியாக இருந்ததால் அந்தச் சின்ன உச்சமே போதுமாக இருந்தது.

பாக் காலத்துக் குழல் மரத்தால் ஆனது. ஆறு துளைகள், துளையை மூடித் திறக்கும் சாவி ஒன்றே ஒன்று. கீழே கடைசிச் சுரம் டி. அந்தக் காலத்தில் குழல் எப்படி ஒலிக்க வேண்டும் என்று நினைத்தார்கள் என்பதற்கு நல்ல சாட்சி இருக்கிறது. பிரஷ்ய மன்னர் ஃபிரெடெரிக்குக்குக் குழல் கற்றுக்கொடுத்த குவான்ட்ஸ் 1752-இல் பெர்லினில் வெளியிட்ட குழல் நூலில், குழலின் இனிய தொனி சோப்ரானோவைவிட காண்ட்ரால்டோ குரலுக்கு நெருங்கியதாக இருக்க வேண்டும் என்கிறார். அதாவது உயர்ந்த பெண்குரலைப் போல இல்லாமல், நெஞ்சிலிருந்து வரும் தாழ்ந்த பெண்குரலைப் போல. சொன்னவர் இசைக்குழுவோடு தனி வாத்தியம் வாசிக்கும் கான்செர்ட்டோக்கள் முந்நூறு அளவுக்கு எழுதிய மனிதர், தானே குழல் செய்தவர். தினமும் மாலையில் அரண்மனைக் கூடத்தில் சில பேர் முன்னால் மன்னர் வாசித்த குழலுக்கு இந்த இலக்கணம் பொருந்தியது. கூடம் சின்னது, அடிக்குரல் போய்ச் சேர்ந்தது.

பிறகு கூடங்கள் வளர்ந்தன, குழலும் மாறியது. இந்த மாற்றத்தில் லண்டனுக்கும் ஒரு பங்கு உண்டு. மியூனிக்கைச் சேர்ந்த தியோபால்ட் போம் தங்க வேலை தெரிந்தவர், நல்ல குழல் கலைஞரும்கூட. 1831-இல் லண்டன் வந்தபோது சார்லஸ் நிக்கல்சன் வாசித்ததைக் கேட்டார். நிக்கல்சனின் குழலில் துளைகள் மிகப் பெரியவை, கைகளும் அதற்கேற்ப வலியவை. ஒலியின் பலத்தில் தன்னால் அவருக்கு ஈடுகொடுக்க முடியவில்லை, அதனால்தான் தன் குழலைத் திருத்தியமைக்க உட்கார்ந்தேன் என்று போம் பின்னாளில் எழுதினார். 1832-இல் ஒரு மாதிரி வந்தது. 1847-இல் உருளை வடிவ உலோகக் குழல் வந்தது. துளைகளை விரலுக்கு எட்டும் இடத்தில் வைக்காமல் ஒலிக்குச் சரியான இடத்தில் வைத்து, விரலுக்குப் பதில் சாவிகளால் மூடும் ஏற்பாடு. இன்று உலகம் முழுக்க இசைக்குழுக்களில் இருப்பது ஏறக்குறைய அந்தக் குழல்தான்.

போமின் குழலில் கீழ்ச்சுரங்களும் பலப்பட்டன, அதை மறுக்க முடியாது. ஆனால் அதே நூற்றாண்டில் இசைக்குழுவும் அரங்கும் அதைவிட வேகமாகப் பெருத்தன. குழல் பெற்ற பலத்தை அவை விழுங்கிவிட்டன. போமின் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்தது அவருடைய முதுமைக் காலம். சாதாரணக் குழலைவிட, ச-விலிருந்து கீழ்ப் ப வரை இறங்கும் தூரம் அளவுக்குக் கீழே ஒலிக்கும் ஆல்டோ குழலை அவர் உருவாக்கினார். கடைசிக் காலத்தில் அவர் அதிகம் நேசித்தது அதைத்தான். ஓசையின் பலத்தைத் தேடிப் புறப்பட்டவர் அடிக்குரலில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

இதைக் கேட்கும் நம் ஊர் ரசிகர்களுக்கு ஒரு கேள்வி வரும். எங்கள் குழல் கச்சேரியில் மந்தர ஸ்தாயி நன்றாகவே கேட்கிறதே? கேட்கிறது, மைக் இருப்பதால். உதட்டுக்குப் பக்கத்தில் வைத்த மைக், கீழ் பஞ்சமத்தையும் மிருதங்கத்துக்குச் சமமாகத் தூக்கிக் கொடுக்கிறது. அதில் ஒரு லாபம் உண்டு. ஆனால் ஒலி வருவது வாசிப்பவர் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து அல்ல, பக்கவாட்டில் நிற்கும் பெட்டியிலிருந்து. மெல்லிய சுரம் மெல்லியதாகவே இருந்து, அதைக் கேட்க நாம் கொஞ்சம் முன்னால் சாயும் அனுபவம் போய்விடுகிறது. சென்னையில் அவ்வப்போது நடக்கும் மைக் இல்லாத சிறு கச்சேரிகளுக்குப் போனவர்களுக்கு நான் சொல்வது புரியும். விக்மோர் ஹாலில் அன்று மைக் கிடையாது. ஐந்நூறு பேரும் சாய்ந்துதான் கேட்டார்கள்.

சரி, மொசார்ட். இந்த டி மேஜர் குவார்ட்டெட்டில் போட்டிருக்கும் தேதி 1777 டிசம்பர் 25. இடம் மன்ஹைம். வயது இருபத்தொன்று, வேலை தேடி அம்மாவோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த நேரம். ஃபெர்டினாண்ட் டெ ஜான் என்ற செல்வர், பொழுதுபோக்குக்குக் குழல் வாசிப்பவர், மூன்று சிறிய கான்செர்ட்டோக்களும் சில குவார்ட்டெட்டுகளும் எழுதித் தந்தால் 200 குல்டன் தருவதாகச் சொன்னார். இவர் டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியில் மருத்துவராக ஆசியாவில் வேலை பார்த்தவர். அந்தக் காலத்தில் நாகப்பட்டினம் அதே கம்பெனியின் கையில் இருந்தது. கம்பெனியில் சேர்த்த பணத்தில் ஒரு துளிதான் மொசார்ட்டுக்கு வந்திருக்கிறது என்று நினைக்கும்போது, நம் கடற்கரையிலிருந்தும் இந்த இசைக்கு ஒரு மெல்லிய நூல் போவது தெரிகிறது.

வேலை முடியவில்லை. டெ ஜான் 96 குல்டன் மட்டும் கொடுத்துவிட்டுப் பாரிஸுக்குக் கிளம்பினார். 1778 பிப்ரவரி 14 அன்று அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில், தனக்குப் பிடிக்காத ஒரு வாத்தியத்துக்குத் தொடர்ந்து எழுத வேண்டியிருந்தால் மனசு மரத்துப்போகிறது என்ற பொருளில் மொசார்ட் சமாதானம் சொல்கிறார். இந்த ஒரு வரியை வைத்து மொசார்ட்டுக்குக் குழல் ஆகாது என்று இருநூறு வருடங்களுக்கு மேலாக எல்லாரும் திருப்பித் திருப்பிச் சொல்கிறார்கள். நான் நம்பவில்லை. பணம் ஏன் குறைந்தது என்று கேட்கும் அப்பாவுக்கு மகன் எழுதிய பதில் அது. பாடகி அலோய்ஸியா வெபரின் மேல் காதலில் கிடந்த மகன் வேறு. அடுத்த இரண்டு மாதத்துக்குள் பாரிஸில் குழலுக்கும் ஹார்ப்புக்கும் அவர் ஒரு கான்செர்ட்டோ எழுதினார். கீன் பிரபுவும் அவருடைய மகளும் வாசிப்பதற்காக. பிரபுவின் குழலில் வழக்கமான டி-க்கும் கீழே சி வரை போகும் வசதி இருந்தது. மொசார்ட் அதைக் கவனித்து அந்தக் கீழ்ச்சுரங்களை எழுதியும் வைத்தார். பிடிக்காத வாத்தியத்தின் கடைசிச் சுரத்தை யார் இவ்வளவு அக்கறையாகத் தேடிப் போவார்கள்?

குவார்ட்டெட்டின் முதல் பகுதியைச் சீக்கிரம் கடந்துவிடலாம். வெளிச்சமான, சுறுசுறுப்பான இசை, வாசித்தவர்களும் அப்படியே வாசித்தார்கள். இரண்டாவது பகுதிதான் ஆளை இழுக்கிறது. பி மைனரில் ஒரு சின்ன அடாஜியோ, அதாவது மெதுவாக நகரும் பகுதி. மூன்று தந்தி வாத்தியங்களும் வில்லை விட்டுவிட்டு விரலால் சுண்டிக்கொண்டே இருக்க, அதற்கு மேலே குழல் ஒற்றைப் பாட்டாகப் பாடுகிறது. முப்பத்தைந்து தாளக்கட்டுகள்தான். முடியவும் இல்லை, பாதியில் நின்றுவிட்டு நேரே கடைசிப் பகுதியின் துள்ளலுக்குள் விழுந்துவிடுகிறது. இன்னும் கொஞ்சம் இருந்திருக்கக்கூடாதா என்று ஒவ்வொரு முறையும் தோன்றும்.

இடைவேளையில் என்னோடு வந்திருந்த அக்காவிடம் என் அடிக்குரல் கொள்கையை எடுத்துவிட்டேன். அக்கா யாழ்ப்பாணத்துக்காரர், நெடுங்காலமாக லண்டனில் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுப்பவர். நான் பேசி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப உமக்கு மொசார்ட் பிடிக்கேல்லையோ?"

"பிடிச்சுதுக்கா. ஆனா அந்த அடாஜியோல குழல் கீழே இறங்கவே இல்லையே."

"கீழ, மேல எண்டு மட்டும் பாக்காதையும். அவை மூண்டு பேரும் என்ன செய்தவை? சுண்டினவை. சுண்டின சத்தம் உடன செத்துப்போகும். ஒவ்வொருக்காவும் அது செத்துப்போற இடத்தில குழல் தனிய நிக்குது. பெரிய மண்டபமெண்டால் எதிரொலி வந்து அந்த இடத்தை அடைச்சுப்போடும்."

அக்கா சொன்னது என் கொள்கையை மறுத்ததா, விரித்ததா என்று இடைவேளை முடியும்வரை யோசித்தேன். விரித்தது என்றே வைத்துக்கொள்கிறேன். சின்ன அரங்கு குழலுக்குக் கொடுப்பது அடிக்குரலை மட்டுமல்ல, சுற்றிலும் காலியான இடத்தையும்தான். வில்லால் இழுத்திருந்தால் மூன்று தந்திகளும் குழலைச் சூழ்ந்து நின்றிருக்கும். மொசார்ட் அவர்களை ஒதுங்கி நிற்க வைத்தார்.

ஆல்பர்ட் ரூசெல்லின் உருப்படிக்குக் குழல் வாசிப்போர் என்று பெயர். 1924-இல் எழுதியது. நான்கு பகுதிகள், ஒவ்வொன்றும் ஒரு குழல்காரரின் பெயரில். பான், டிட்டீர், கிருஷ்ணன், பிறகு ஒரு பிரெஞ்சு நாவலில் வரும் பாத்திரம். கிருஷ்ணன் என்று பிரெஞ்சுக்காரர் எழுதினால் நமக்குச் சந்தேகம் வருவது இயல்பு. ஆனால் ரூசெல் கடற்படையில் இருந்தவர், 1909-இல் மனைவியோடு இந்தியாவுக்கு வந்து சுற்றியவர். இதில் அவர் எடுத்துக்கொண்ட சுரவரிசை இந்துஸ்தானி ஸ்ரீ ராகத்தினுடையது என்பார்கள். நம் காதுக்கு அந்தச் சுரங்கள் பந்துவராளியின் சுரங்கள். கமகம் கிடையாது, சஞ்சாரம் நம்முடையதல்ல, சுரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கின்றன. ஆனாலும் சின்ன ரிஷபமும் பிரதி மத்யமமும் அந்த வெள்ளிக் குழலில் வந்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. ராகத்தை வாசிக்கிறேன் என்று ரூசெல் பாசாங்கு செய்யவில்லை. கேட்ட ஒரு வாசனையைத் தன் மொழியில் எழுதினார். அந்த நேர்மைதான் இந்தப் பகுதியைக் காப்பாற்றுகிறது. மற்ற மூன்றும் அழகானவை. அவற்றை நான் கேட்டேன், ரசித்தேன், அதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை.

டெபுஸிக்காகத்தான் நான் டிக்கெட் வாங்கினேன். 1915 கோடையில், போர் நடந்துகொண்டிருக்க, நார்மண்டிக் கடற்கரையில் பூர்வில் என்ற ஊரில் தங்கி எழுத ஆரம்பித்தார். புற்றுநோய் முற்றிக்கொண்டிருந்தது. அந்த வருட டிசம்பரில் அறுவை சிகிச்சை. பலவித வாத்தியங்களுக்கு ஆறு சொனாட்டாக்கள் எழுதத் திட்டம் போட்டிருந்தார். அதில் இரண்டாவது இது. முதலில் குழல், ஓபோ, ஹார்ப் என்றுதான் நினைத்தார், பிறகு ஓபோவை எடுத்துவிட்டு வயோலாவைப் போட்டார். அந்த ஒரு மாற்றத்தில்தான் இந்த இசையின் முழு ரகசியமும் இருக்கிறது என்பேன். ஓபோ இருந்திருந்தால் அது குழலோடு போட்டி போட்டிருக்கும். வயோலாவுக்குக் குழலைப் போலவே கொஞ்சம் மூடிய, மங்கலான நடுக்குரல். குழல் கீழே இறங்கி வந்தால் இரண்டும் ஒரே அறைக்குள் வந்துவிடுகின்றன. சில இடங்களில் வயோலா குழலுக்கும் மேலே ஏறிவிடுகிறது. குழல் விட்ட இடத்தில் வயோலா தொடர்கிறது, கை எங்கே மாறியது என்று கண்ணால் பார்த்தால்தான் தெரிகிறது. நான் கண்ணை மூடிப் பார்த்தேன், இரண்டு முறை ஏமாந்தேன்.

ஹார்ப் இரண்டுக்கும் நடுவில் தரை விரிக்கிறது. அக்கா சொன்ன அதே செத்துப்போகும் சத்தம், ஆனால் இங்கே அது சாக நேரம் எடுத்துக்கொள்கிறது. ஹார்ப்காரர் உள்ளங்கையால் தந்திகளை அமர்த்தும்போதுதான் சுற்றிலும் எவ்வளவு ஒலி மிதந்துகொண்டிருந்தது என்று தெரிந்தது. முதல் பகுதியில் குழல் கீழே வந்து தணிந்த குரலில் பேசிய ஓர் இடம் உண்டு. சத்தம் என்று சொல்ல முடியாத அளவு மெல்லியது, ஆனால் குவான்ட்ஸ் சொன்ன அந்த நெஞ்சுக் குரல் முழுதாக அங்கே இருந்தது. அந்த ஒரு வாக்கியத்துக்காக மறுபடியும் டிக்கெட் வாங்குவேன்.

இது மிகவும் சோகமான இசை, சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை, ஒருவேளை இரண்டுமோ என்று டெபுஸி நண்பருக்கு எழுதினார். அன்று வாசித்தவர்கள் எந்தப் பக்கமும் சாயவில்லை. மூன்றாவது பகுதியை வேகமாக, கொஞ்சம் முரட்டுத்தனமாகவே எடுத்தார்கள். முடிவுக்குச் சற்று முன் முதல் பகுதியின் மெட்டு சில நொடிகள் எட்டிப் பார்க்கிறது. அதை அவர்கள் இழுக்கவில்லை. வந்தது, போனது, சட்டென்று முடித்துவிட்டார்கள்.

"முடிஞ்சிட்டுதோ?" என்றார் அக்கா, கைதட்டிக்கொண்டே. "இன்னும் கொஞ்சம் இருக்கெண்டு நினைச்சன்."

வெளியே வந்து நடக்கும்போது மிச்ச சொனாட்டாக்களைப் பற்றிப் பேச்சு வந்தது. ஆறில் மூன்றுதான் முடிந்தது. 1918 மார்ச் 25 அன்று டெபுஸி போய்விட்டார், பாரிஸின் மேல் ஜெர்மன் குண்டுகள் விழுந்துகொண்டிருந்த நாட்கள். நான்காவதைப் பற்றித் தெரிவது எந்த வாத்தியங்களுக்கு என்பது மட்டும்தான். ஓபோ, ஹார்ன், ஹார்ப்சிகார்ட்.

"ஹார்னுக்குப் பக்கத்தில ஹார்ப்சிகார்டோ? அந்தாளுக்கு என்ன விசரோ? ஹார்ப்சிகார்ட் ஒண்டும் கேக்காதே."

இந்த மாதிரிக் கூடத்தில் கேட்கும் என்றேன். ஹார்ன்காரர் பின்னால் தள்ளி உட்கார வேண்டும் என்றார் அக்கா. ஹார்னுக்கு மூடி போட்டு வாசிக்கச் சொல்லி எழுதியிருப்பார் என்றேன். எங்கே யாரை உட்கார வைப்பது என்று பாண்ட் ஸ்ட்ரீட் ஸ்டேஷன் படி இறங்கும்வரை சண்டை போட்டுக்கொண்டே போனோம்.